முதல் வேட்டு

ஆகஸ்ட் 11

ஹெப்சிபா மேடம் ஆளுக்கொரு டயரி கொடுத்திருக்கிறார். தோன்றியதை எழுத வேண்டுமாம். யாரும் படிக்க மாட்டார்களாம், பிழை பார்க்க மாட்டார்களாம். யாரும் படிக்காததை எதற்கு எழுதுவது என்று கேட்டேன். "படிக்கறதுக்கு இல்லம்மா, இறக்கி வைக்கறதுக்கு" என்றார். நான் என்ன விறகுக்கட்டா தூக்கிக்கொண்டு அலைகிறேன்? தம்பி முனீஸ் அவனுடைய டயரியில் கிரிக்கெட் டீம் எழுதிவிட்டான். அவனே கேப்டன், அவனே விக்கெட் கீப்பர்.

பெரியாஸ்பத்திரி கவுன்சலரான மேடம் மாதம் ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வருகிறார். அம்மா பட்டாசு வேலை பார்த்த வெடியாபீஸில் நடந்த விபத்தில் மாட்டிய பிள்ளைகளுக்காக. விபத்து நடந்த அந்தச் சனிக்கிழமை நானும் முனீசும் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தோம். வாசல் வேப்பமரத்தடியில் அம்மா தூக்குவாளியை வாங்கிக்கொண்டிருந்தபோது வெடிமருந்து கலக்கிற மருந்து ரூம் வெடித்தது. அம்மாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அம்மாவோடு வேலை பார்த்த சீனியம்மா அத்தை இறந்துபோனாள். எங்கள் அடுத்த வீடு.

முனீஸ் ஒன்பதாம் வகுப்பு, சின்னப் பையன். அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றதால் எதையும் பார்க்கவில்லை. போலீஸ்காரரிடமும் அதைத்தான் சொன்னேன். எனக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 19

குக்கர் விசில் அடித்ததும் முனீஸ் தட்டைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினான். பின்னாலேயே அம்மா, அம்மாவுக்குப் பின்னால் அப்பா. சாம்பார் தரையெல்லாம். துடைத்தது நான்.

இனிமேல் சோறு வடிக்கிறோம். வடிப்பதும் நான்தான். அம்மா வேலைக்கும் போகவில்லை, அடுப்படிக்கும் வருவதில்லை, அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்பா பிரஸ்ஸில் லேபிள் வெட்டிவிட்டு வந்து அவன் மறுபக்கம் உட்கார்ந்துகொள்கிறார். ராஜா வீட்டுப் பிள்ளை.

செப்டம்பர் 6

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைக்கச் சொல்லி நானே கணக்கு டீச்சரிடம் கேட்டேன். வகுப்பே என்னைத் திட்டுகிறது. திட்டட்டும்.

பள்ளிக்கு இப்போது கண்மாய்க்கரை வழியாகப் போகிறேன். கொஞ்சம் சுற்றுதான். நடந்தால் உடம்புக்கு நல்லது.

செப்டம்பர் 14

கருப்பசாமி மாமா ஆட்டுக்கறி வாங்கி வந்தார். அம்மாவின் அண்ணன். யார் வீட்டில் துக்கம் என்றாலும் கறியோடு வந்துவிடுவார், அது அவர் வைத்தியம். சட்டியில் வதங்கும்போதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கறி பழசு. மற்றவர்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து நான் சைவம். அம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன், யாரும் மேலே கேட்கவில்லை.

செப்டம்பர் 22

மேடம் வந்தார். முனீசுக்குக் கனவு வருகிறது, திடுக்கிடுகிறான், எங்கே போனாலும் வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறான், எல்லோருடைய கையையும் காலையும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இதையெல்லாம் நான்தான் விளக்கமாகச் சொன்னேன். அவன் வாயைத் திறந்தால்தானே.

மேடம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "இதுல ஒவ்வொண்ணும் தனியா வராது கோமதி. ஒண்ணோட ஒண்ணு சேந்துதான் வரும். இப்ப கனவும் திடுக்கிடறதும் சேந்து நிக்குது. கொஞ்ச மாசம் போனா இது கலைஞ்சு வேற கூட்டு சேரலாம். மரத்துப்போறது, எரிஞ்சு விழறது, எதுலயும் ஒட்டாம இருக்கறது. உங்க வயசுல அது மாறிக்கிட்டே இருக்கும். சத்தமா இருக்கறது மட்டும்தான் எல்லார் கண்ணுலயும் படும்."

"கூட்டு சேர்றதுக்கு இதென்ன மேடம் மகளிர் குழுவா" என்றேன். சிரித்தார். அப்புறம் "உனக்கு எப்படி இருக்கு?" என்றார்.

எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

அக்டோபர் 3

கோமதி என்பது பழைய காலத்துப் பெயர். காலேஜ் போனதும் மாற்றிக்கொள்வேன். அதுவரை வீட்டில் என்னைப் பாப்பா என்று கூப்பிடட்டும். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் இனி நான் திரும்பமாட்டேன், சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 21

நேற்று தீபாவளி. ஊர் முழுக்க வெடியாபீஸில் வேலை பார்க்கிற ஊர், வெடிக்கப் பஞ்சமா? முனீஸ் காலையிலிருந்து கட்டிலுக்கு அடியில். அம்மா வெளியே உட்கார்ந்து அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிவாசலில் ஓதிக் கட்டிய கயிறு அவன் கையில், கோவில் தாயத்து இடுப்பில். எதுவும் பலிக்கவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"வெடிச்சத்தத்துல புகுந்த பயம் வெடிச்சத்தத்துலதான் வெளியேறும். பங்குனிப் பொங்கலுக்கு மாப்ள கையில பத்தியக் குடு. மொத வேட்ட அவன் வைக்கட்டும்" என்றார்.

எங்கள் ஊர் அம்மன் கோவில் பங்குனித் திருவிழா வழக்கம் அது. கரகம் கிணற்றடியிலிருந்து கிளம்பும்போது முதல் வேட்டை அந்த வருஷம் பயந்துபோன பிள்ளை வைக்க வேண்டும். இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து மண்ணில் நட்டிருப்பார்கள். திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஓடிவந்தால் பயம் அங்கேயே நின்றுவிடும் என்று பேச்சு. மாமாவும் சின்ன வயதில் வைத்தவர்தான். அவருக்குப் பயம் போனதோ என்னவோ, நிதானம் போய்விட்டது.

தெருவே வெடித்துக்கொண்டிருந்தபோது நான் வாசலில் கோலத்துக்கு வண்ணம் போட்டேன். "பொம்பளப் பிள்ள எம்புட்டுத் தைரியமா இருக்கா பாரு" என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். உண்மையில் எனக்குச் சத்தமே கேட்கவில்லை. காதில் பஞ்சு வைத்திருந்தேனா என்று பிறகு தொட்டுப் பார்த்தேன். இல்லை.

நவம்பர் 17

முனீஸ் கிரிக்கெட் ஆடப் போனான். கனவு குறைந்துவிட்டது. மேடம் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு சாமியார் மாதிரி செய்கிறான். அப்பா சந்தோஷத்தில் பால்கோவா வாங்கி வந்தார்.

பால்கோவாவில் இனிப்பே இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். முனீஸ் என்னைப் பார்த்தான்.

டிசம்பர் 12

ரூபாவதியை அறைந்துவிட்டேன். அவள்தான் முறுக்குப் பாக்கெட்டை ஊதி என் முதுகுக்குப் பின்னால் உடைத்தாள். அறை வாங்க வேண்டியவள்தான். ஆனால் எல்.கே.ஜி.யிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள், இப்போது கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பெஞ்சு விசாலமாக இருக்கிறது. பை வைத்துக்கொள்ளலாம்.

அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தாளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 18

பெரியப்பா மகள் கல்யாணம். டி.வி.யில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள், நானும் திறந்தேன். போட்டோவில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன்.

முனீஸ் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பிடிக்கவில்லை. "என்னடா முழிக்கிற?" என்றேன். "சும்மாதான்க்கா" என்றான். எல்லோரையும் நோட்டம் விடுகிற புத்தி அவனுக்கு இன்னும் போகவில்லை. மேடத்திடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 9

கஞ்சி வடிக்கும்போது "அக்கா, கை! கை!" என்று முனீஸ் கத்தினான். சுடுகஞ்சி என் விரல்கள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கத்தும்வரை எனக்குத் தெரியவில்லை. அப்புறமும் பெரிதாகத் தெரியவில்லை, சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

அவன்தான் தண்ணீர் ஊற்றினான். "அம்மாட்டச் சொல்லட்டுமா?" என்றான். "சொன்னா அம்மா அழும். அப்புறம் நீதான் சமைக்கணும்" என்றேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 21

ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகவில்லை. கண்மாய்க்கரையை விட்டு, பழைய ரோடு வழியாகவே நடந்து வெடியாபீஸுக்குப் போனேன்.

வாசலில் சீல் வைத்திருக்கிறார்கள். பின்பக்கச் சுவர்தான் இல்லையே. மருந்து ரூம் இருந்த இடத்தில் தரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது, இறங்கியது. யாரும் கூப்பிடவில்லை. இவ்வளவு நிம்மதியாக இருந்து எத்தனை மாதம் ஆயிற்று!

இனிச் சனிக்கிழமைதோறும் வரலாம்.

மார்ச் 8

கோவில் கூட்டம். மாமா விழாக் கமிட்டியில் இருக்கிறார். முதல் வேட்டுக்கு முனீஸ் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

முனீஸ் வெளுத்துப்போனான். "நான் மாட்டேன். நான் மாட்டேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு நகர்ந்தான். அம்மா அழுதாள். "அண்ணே, பிள்ள இப்பத்தான் தெளிஞ்சு வாரான். விட்டுருண்ணே."

"சாமி காரியத்துல பேரக் குடுத்துட்டுப் பின்வாங்குனா குடும்பத்துக்கு ஆகாது தாயி."

எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்குச் சலிப்பாக இருந்தது.

"நான் வைக்கிறேன்" என்றேன்.

மாமா என் தலையில் கை வைத்தார். "இது பிள்ள! மருமகளே, நீதான்டி எங்க வீட்டு ஆம்பள." அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது இன்றுதான்.

முனீஸ் மட்டும் சந்தோஷப்படவில்லை. "வேணாம்க்கா" என்றான். நன்றி கெட்டவன்.

மார்ச் 23

மேடம் வந்தார். முனீசை வேட்டுப் பக்கமே விடக்கூடாது என்று பள்ளிக்கு வந்திருந்த அம்மாவிடமும் மாமாவிடமும் கறாராகச் சொன்னார். அவன் வைக்கவில்லை, நான்தான் வைக்கிறேன் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"இல்ல மேடம்."

"அன்னைக்கு நீ எதையும் பாக்கல இல்லையா?"

"ரோட்டப் பாத்துட்டு நின்னேன் மேடம்."

"சாப்பிடறியா? தூங்கறியா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"ஒவ்வொரு தடவையும் இதையே சொல்ற. பயம் இருக்குன்னு சொல்ற பிள்ளைய எனக்குப் புரியும். ஒண்ணுமே இல்லன்னு சொல்ற பிள்ளையத்தான்..." அதற்குள் ஹெட்மாஸ்டர் வந்து டீ சாப்பிடக் கூப்பிட்டார். போகும்போது "அடுத்த வாரம் நீ மட்டும் ஆஸ்பத்திரிக்கு வா, பேசலாம்" என்றார். பரீட்சை இருக்கிறது, பொங்கலுக்குப் பிறகு வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 5

கிணற்றடியில் குழாய் நட்டுவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் முழங்கால் உயரம்.

மாமா பாடம் எடுத்தார். "திரி சீறுன உடனே திரும்பிப் பாக்காம ஓடியாந்துரணும். விளக்குக் கம்பத்தத் தாண்டிட்டா ஒண்ணும் பண்ணாது." தலையாட்டினேன்.

ஏப்ரல் 6

எல்லாருடைய துணியையும் துவைத்து மடித்துவிட்டேன். முனீசுக்குச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். சட்டியைச் சாய்க்கும்போது ஆவி முகத்தில் அடிக்காமல் எப்படி நிற்பது, உறைமோர் எங்கே இருக்கிறது, அம்மாவின் சத்து மாத்திரை எந்த டப்பாவில். வீட்டில் இன்னொரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ரூபாவதி வீட்டுக்குப் போய் அவளுடைய கணக்கு கைடைக் கொடுத்துவிட்டு வந்தேன். பேசிவிட்டாள். நல்ல பிள்ளைதான்.

"எதுக்கு இதெல்லாம் இன்னைக்கே செய்ற?" என்று முனீஸ் கேட்டான். லீவு விட்டாச்சு, வேலை இல்லை என்றேன்.

ஏப்ரல் 7

இன்று பொங்கல். அம்மா மஞ்சள் தாவணி எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 10

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும். பெரியாஸ்பத்திரி, தீக்காய வார்டு. வலது கை முழங்கைவரை கட்டு. கை பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பொழுது சாயும் நேரம் கரகம் கிளம்பியது. மாமா பத்தியைக் கையில் கொடுத்தார். குலவைச் சத்தம். ஊரே நின்றது. அம்மா முனீசின் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் பயந்து எங்கேயாவது ஓடிவிடக் கூடாதே என்று அப்பா அவன் தோளைப் பிடித்திருந்தார். என் வீட்டு ஆட்கள் எல்லோரும் முனீசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் கரகத்தைப் பார்த்தது.

திரியில் நெருப்பு வைத்தேன். சீறியது. ஓட வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் ஓடத் தோன்றவில்லை. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, அம்மன் சத்தியமாக இல்லை. ஓடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். திரி குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முனீஸ் மட்டும் என் காலைப் பார்த்திருக்கிறான். அம்மா கையையும் அப்பா கையையும் உதறிவிட்டு ஓடிவந்தான். குக்கர் விசிலுக்குத் தெருவுக்கு ஓடிய பயல், எரிகிற வேட்டை நோக்கி ஓடிவந்தான். தாவணியைப் பிடித்து இழுத்தான். விழுந்தோம். நான் குழாய்ப் பக்கம் கை நீட்டியபடி விழுந்தேன். அப்புறம்தான் வெடித்தது.

அவனுக்கு நெற்றியில் நாலு தையல். காதில் இன்னும் இரைச்சல் இருக்கிறது. கனவும் திரும்ப வந்துவிட்டது, நேற்று என் கட்டிலடியில் தூங்கியவன் வார்டையே எழுப்பிவிட்டான். அதற்கு நான்தான் காரணம்.

"தாவணி தடுக்கிருச்சுன்னு ஊருல சொல்றாக" என்று அம்மா அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தடுக்கல" என்றான் முனீஸ். "அக்கா நகரவே இல்ல. ரொம்ப நாளாவே அக்கா இப்படித்தாம்மா இருக்கு. நீங்க யாரும் பாக்கல."

மாமா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 11

மேடம் வந்திருந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கேள்வி எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேசத் தொடங்கினேன். எழுதும்போது வராத அழுகை பேசும்போது வந்தது.

நான் ரோட்டைப் பார்க்கவில்லை. மருந்து ரூமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சீனியம்மா அத்தை வாசலில் நின்று கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் எதற்கோ சிரித்தாள். அப்புறம் வெடித்தது. அப்புறம் புகைக்குள்ளிருந்து அத்தை வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து "கோமதி, கோமதி" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் குரலில் வலிகூட இல்லை. கடைக்குப் போய் ஏதோ வாங்கி வரச் சொல்லப் போகிற மாதிரிதான் கூப்பிட்டாள்.

மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் வாரம் ஒருமுறை வர வேண்டும், சீக்கிரம் சரியாகிவிடும் என்று பொய் சொல்லமாட்டேன், இது இன்னும் வேறு வேறு வேஷத்தில் வரும், வரும்போது சொல்ல வேண்டும் என்றார். "உன்கிட்ட நான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கணும்" என்றும் சொன்னார்.

அம்மா உரித்த ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள்.

புரியவில்லை.

"மரத்தடியில உம் மூஞ்சிக்கு நேராத்தான நின்னேன். நீ எங்க பாத்துட்டு இருந்தன்னு எனக்குத் தெரியாதா? போலீசுகிட்ட ஒண்ணும் பாக்கலன்னு நீ சொன்னப்ப, அம்மனே, ஒரு பிள்ளையாவது தப்பிச்சுருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். பொய்யின்னு தெரிஞ்சே நெனச்சுக்கிட்டேன். ரெண்டு பேரையும் தாங்க எனக்கு உசுரு இல்லடி."

அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இத்தனை மாதம் என்னைத் தனியாக விட்டுவிட்டாளே என்று. அப்படியே சொன்னேன்.

ஏப்ரல் 13

இரண்டு நாளாகக் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வலிக்கவில்லை. பொறுமையான பிள்ளை என்று நர்ஸ் பாராட்டினாள்.

இன்று காலை பஞ்சை எடுத்ததும் உயிர் போகிற மாதிரி வலித்தது. நர்ஸ் கையைத் தட்டிவிட்டுக் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டாள். முனீஸ் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான், ஆனால் ஓடவில்லை.

அம்மா என் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது.

"கத்துடி" என்றாள். "நல்லாக் கத்து."